வெண்மார்பா, கருந்தலையா? கடலூர்ப் பக்கம் இரண்டு மீன்கொத்திகளைப் பிரித்தறிய ஒரு வழிகாட்டி

பிச்சாவரத்துக்கு முதல் முறை போய்வரும் நண்பர்கள் எனக்கு அனுப்பும் படங்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு வரும்: "இது கருந்தலை மீன்கொத்திதானே?" படத்தில் சுரபுன்னைக் கிளையில் ஒரு பறவை உட்கார்ந்திருக்கும். அலகு சிவப்பு, முதுகு நீலம், தலை இருட்டு. பல நேரங்களில் அது வெண்மார்பு மீன்கொத்தியாக இருக்கும். அவர்கள் தெருவில் மின்கம்பி மேல் தினமும் உட்கார்ந்திருக்கும் அதே பறவைதான். எப்போதாவது ஒரு படத்தில் உண்மையிலேயே கருந்தலை இருக்கும். அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம்தான்.

இந்த இரண்டும் ஹால்சியான் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. உடல்வாகு ஒன்று, அளவு ஏறக்குறைய ஒன்று, தடித்த சிவப்பு அலகும் அதேதான். பறக்கும்போது இறக்கையில் தெரியும் வெள்ளைத் திட்டுகூட இரண்டுக்கும் உண்டு. ஆனால் ஒன்று நம் ஊர் வயல், கிணறு, வாய்க்கால் எங்கும் வாழ்கிறது. மற்றொன்று நம் பக்கத்தில் அலையாத்திக் காட்டையும் கழிமுகத்தையும் விட்டு அதிகம் விலகாது. உலக அளவில் எண்ணிக்கை குறைந்து, அழியக்கூடிய நிலையில் உள்ளவற்றின் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. அதனால் பெயரைத் தவறாக எழுதினால், இல்லாத இடத்தில் அது இருப்பதாகப் பதிவாகிவிடும்.

பெயர்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வெண்மார்பு மீன்கொத்தியைச் சிலர் வெண்தொண்டை மீன்கொத்தி என்பார்கள். கருந்தலையைக் கருந்தொப்பி என்றும் எழுதுவார்கள். மீன்கொத்திக்குப் பழந்தமிழில் சிரல் என்று அழகான பெயர் இருக்கிறது. அறிவியல் பெயரில் முன்னது ஹால்சியான் ஸ்மிர்னென்சிஸ். 1758இல் லின்னேயஸ் வைத்த பெயர் இது. ஸ்மிர்னா என்பது இன்றைய துருக்கியில் இருக்கும் இஸ்மிர் நகரத்தின் பழைய பெயர். அங்கிருந்து தென்கிழக்கு ஆசியா வரை பரவியிருக்கும் பறவைதான் நம் கடலூர்க் கம்பியிலும் உட்காருகிறது. பின்னது ஹால்சியான் பைலியேட்டா, அதாவது தொப்பி போட்டது. இந்தப் பெயரை மறக்காதீர்கள், அடையாளமே அதில்தான் இருக்கிறது.

முதல் வேலை: வீட்டுப் பக்கத்துப் பறவையைப் படியுங்கள்

புதிதாக வருபவர்களிடம் நான் எப்போதும் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். பிச்சாவரத்துக்கு உடனே கிளம்பாதீர்கள். இரண்டு வாரம் வெண்மார்பு மீன்கொத்தியை மட்டும் பாருங்கள். அரிய பறவையைக் கண்டுபிடிக்கும் திறமை, சாதாரணப் பறவையை எவ்வளவு நன்றாகத் தெரியும் என்பதில்தான் இருக்கிறது. வெண்மார்பை முன்னால், பின்னால், பக்கவாட்டில், மழையில், மத்தியான வெயிலில் என்று நூறு முறை பார்த்தவருக்குக் கருந்தலை எதிரே வந்தால் "இது வேற" என்று மனசு தானாகச் சொல்லும். அடையாளத்தைச் சரிபார்ப்பதெல்லாம் அப்புறம்தான்.

இடத்துக்குப் பஞ்சமே இல்லை. புதுச்சேரிக்காரர்களுக்கு ஊசுட்டேரிக் கரையும் பாகூர் ஏரிக் கரையும் இருக்கின்றன. கடலூரில் கெடிலம் ஆற்றுப் பாலங்களில் நின்று பார்த்தாலே போதும். பெருமாள் ஏரி, வீராணம் ஏரிப் பக்கம் வயல்வரப்பில் நடந்தால் காலை ஒரு மணி நேரத்துக்குள் சிலவற்றையாவது பார்த்துவிடலாம். தண்ணீர் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. பெயரில் மீன் இருந்தாலும் இந்தப் பறவை வெட்டுக்கிளி, ஓணான் குட்டி, தவளை, நண்டு, சில நேரம் சுண்டெலி வரை பிடிக்கும். தென்னந்தோப்பு நடுவிலும் பள்ளிக்கூட மைதானத்திலும் பார்த்திருக்கிறேன்.

பார்க்கும்போது இப்படிப் பாருங்கள். அளவு மைனாவைவிடச் சற்றுப் பெரிது, சுமார் 28 செ.மீ. தலை, பின்கழுத்து, வயிறு மூன்றும் வறுத்த காப்பிக்கொட்டை நிறம். தாடையிலிருந்து நெஞ்சு வரை வெள்ளை, குழந்தைக்குக் கட்டிவிடும் எச்சில்துணி மாதிரி முன்பக்கம் மட்டும். முதுகும் வாலும் பளிச்சென்ற நீலம், வெயில் பட்டால் மயில்கழுத்துப் பச்சை லேசாகக் கலந்து தெரியும். மடித்த இறக்கையின் தோளில் மறுபடி அதே பழுப்பு, அதற்குக் கீழே ஒரு கருப்புப் பட்டை.

இப்போது பறவையின் பின்பக்கத்துக்குப் போங்கள். ரொம்பப் பேர் செய்யாத வேலை இது. பின்கழுத்தில் பழுப்பு இறங்கி நேராக நீல முதுகில் போய்ச் சேரும். நடுவில் வெள்ளை கிடையாது. இதை உங்கள் கண்ணாலேயே பத்துப் பறவைகளிலாவது பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பிச்சாவரத்தில் உங்களுக்குக் கைகொடுக்கப் போவது இந்த ஒரு விஷயம்தான்.

நம்பக் கூடாத மூன்று

அலகின் சிவப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள், இரண்டுக்கும் சிவப்புதான். பறக்கும்போது இறக்கையில் தெரியும் வெள்ளையும் அப்படியே. கருந்தலைக்கு அந்தத் திட்டு கொஞ்சம் பெரிது என்றாலும், ஓடைக்கு மேல் ஒரு விநாடியில் கடந்துபோகும் பறவையில் பெரிது சிறிது பார்ப்பதை நான் நம்புவதில்லை.

மூன்றாவது, இருட்டான தலை. வெண்மார்பின் பழுப்புத் தலை எதிர்வெளிச்சத்தில் கன்னங்கரேல் என்றுதான் தெரியும். நானே இதில் தவறியிருக்கிறேன். ஒரு மார்கழிக் காலை, புதுச்சேரி தேங்காய்த்திட்டு அலையாத்திப் பக்கம், சூரியன் எதிரே இருக்கும்போது ஒரு மீன்கொத்தியைப் பார்த்தேன். கருப்புத் தலை, வெள்ளைக் கழுத்து என்று குறிப்பேட்டில் எழுதி, கருந்தலை என்று பெயரும் போட்டுவிட்டேன். கூட வந்த நண்பர் எடுத்த படத்தை மாலையில் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோது வயிறு பழுப்பாக இருந்தது. நான் வெள்ளைக் கழுத்து என்று எழுதியது முன்பக்கத்து வெள்ளையைத்தான். அன்றே பதிவைத் திருத்தினேன். அதற்குப் பிறகு பின்கழுத்தையோ வயிற்றையோ தெளிவாகப் பார்க்காமல் கருந்தலை என்று எழுதுவதில்லை.

நம்ப வேண்டியவை

முதல் அடையாளம் கழுத்துப்பட்டை. கருந்தலைக்குத் தொண்டை வெள்ளை கழுத்தைச் சுற்றி வந்து பின்னாலும் ஒரு வளையமாக முடியும். கருப்புத் தொப்பிக்கும் நீல முதுகுக்கும் நடுவில் அந்த வெள்ளை கோடு போட்ட மாதிரி பிரிந்து நிற்கும். பறவை முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாலும் தெரியும் அடையாளம் இது. இளம்பறவையில் அந்த வளையம் தூய வெள்ளையாக இல்லாமல் மங்கிய மஞ்சளாகவும், நெஞ்சில் செதில் செதிலாகக் கருங்கோடுகளோடும் இருக்கலாம். ஆனாலும் வளையம் இருக்கும்.

அடுத்தது வயிறு. வெண்மார்புக்கு அடர்பழுப்பு, கருந்தலைக்கு வெளிறிய ஆரஞ்சு. பலமுறை துவைத்து நிறம் இறங்கிய காவித்துணி என்று சொன்னால் சரியாக இருக்கும். அலையாத்தியின் நிழலுக்குள்கூட இந்த வித்தியாசம் தெரியும். ஒன்றின் வயிறு முதுகைவிட இருட்டு, மற்றொன்றின் வயிறு வெளிச்சம். பைனாகுலர் இல்லாமல் தூரத்தில் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது வயிற்றைத்தான்.

தோளில் வெண்மார்புக்குப் பழுப்பு இருக்கும் என்று சொன்னேன் இல்லையா, கருந்தலைக்கு அந்த இடம் முழுக்கக் கருப்பு, பெரிய திட்டாக. அப்புறம் நீலம். வெண்மார்பின் நீலம் வானத்து நீலம். கருந்தலையின் நீலம் சங்குப்பூ நிறம், ஊதா ஏறிய ஆழ்ந்த நீலம். நல்ல வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்கவே முடியாது. ஆனால் நீலம் வெளிச்சத்துக்குத் தக்கபடி மாறும் நிறம். அதைக் கடைசிச் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள், முதல் சாட்சியாக வேண்டாம்.

வயிறு ஆரஞ்சு என்றதும் சிலர் வேறு இரண்டு பறவைகளோடு குழப்பிக்கொள்கிறார்கள். சிறு நீல மீன்கொத்திக்கும் வயிறு ஆரஞ்சுதான், ஆனால் அது சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம்தான் பெரிது, 16 முதல் 17 செ.மீ. அளவே சொல்லிவிடும். பெரிய அலகு மீன்கொத்தி 35 செ.மீ.க்கு மேல் வளரும். தலை சாம்பல் பழுப்பு, பறக்கும்போது இறக்கையில் வெள்ளைத் திட்டு இருக்காது. கருப்பு வெள்ளை மீன்கொத்தியைப் பற்றிக் கவலையே வேண்டாம், அதன் உடம்பில் வேறு நிறமே கிடையாது.

பிச்சாவரம் போவது எப்படி

கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கி.மீ., அங்கிருந்து கிள்ளை வழியாகப் பிச்சாவரம் இன்னும் 15 கி.மீ. போல. வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் கலக்கும் இடங்களுக்கு நடுவே சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பில் அலையாத்திக் காடும் ஓடைகளுமாகக் கிடக்கிறது இந்த இடம். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை அங்கே இருக்கிறது.

காலம் முக்கியம். கருந்தலை மீன்கொத்திகளில் சீனா, கொரியா பக்கம் முட்டையிடும் கூட்டம் குளிருக்குத் தெற்கே இறங்கும். நம் கரையில் அதைத் தேட நல்ல மாதங்கள் அக்டோபரிலிருந்து மார்ச் வரை. இதில் அக்டோபர் கடைசியும் நவம்பரும் டிசம்பர் முதல் பாதியும் வடகிழக்குப் பருவமழை. கடலூர் மாவட்டத்தில் அந்த நாள்களில் வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் படகேறுவது கூடவே கூடாது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் இதே கரையைத்தான் தாக்கியது. என் சிபாரிசு ஜனவரியும் பிப்ரவரியும். மழை ஓய்ந்திருக்கும், ஓடையில் தண்ணீர் இருக்கும், காலைவேளை குளுகுளுவென்று இருக்கும்.

முடிந்தால் வார நாளில் போங்கள். விடுமுறை நாளில் படகு நெரிசலில் வெண்மார்பு அசையாமல் உட்கார்ந்திருக்கும், கருந்தலை இருக்காது. வெண்மார்புக்கு மனிதரோடு பழக்கம் அதிகம். கருந்தலை கூச்ச சுபாவம் கொண்டது. நாம் பார்ப்பதற்கு முன்னாலேயே நம்மைப் பார்த்துவிட்டு, தண்ணீரை ஒட்டித் தாழ்வாகப் பறந்து அடுத்த வளைவில் மறைந்துவிடும். அதனால் மோட்டார் படகு வேண்டாம், துடுப்புப் படகே எடுங்கள். சத்தம் இல்லை, குறுகலான ஓடைக்குள்ளும் போகலாம். உயிர்காக்கும் சட்டையைத் திரும்பி வரும் வரை கழற்றாதீர்கள்.

படகோட்டியிடம் ஏறும்போதே சொல்லிவிடுங்கள். நான் சொல்வது இவ்வளவுதான்: "அண்ணே, சினிமா எடுத்த இடம் எல்லாம் வேண்டாம். மீன்கொத்தி பார்க்கணும். மெதுவாப் போனாப் போதும்." ஒருமுறை ஒரு அண்ணன் உடனே கேட்டார்: "எது சார், ஊர்ல இருக்கறதா, கழுத்துல வெள்ளை வளையம் போட்டதா?" எந்தப் புத்தகமும் பார்க்காமல் சரியான அடையாளத்தைச் சொன்னவர் அவர். அன்றைக்குக் கருந்தலையை முதலில் கண்டவரும் அவர்தான். வலை கட்ட ஊன்றிய கழி ஒன்றின் உச்சியைக் கண்ணால் காட்டினார், கை நீட்டவில்லை. கை நீட்டினால் பறந்துவிடும் என்று பிறகு சொன்னார். நீங்களும் அப்படியே செய்யுங்கள்: கையை நீட்டாமல், "இடது கரை, மூன்றாவது புதர், கீழ்க்கிளை" என்று வாயால் சொல்லுங்கள்.

ஓதம் பார்த்துப் போவது நல்லது. இந்தக் கரையில் கடல் நீர் ஏறி இறங்கும் அளவு ஒரு மீட்டருக்கும் குறைவு என்றாலும், நீர் இறங்கும்போது வேர்களுக்கு நடுவே சேறு வெளியே தெரியும். ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும் சின்ன நண்டுகள் வளைகளை விட்டு வெளியே வரும். கருந்தலைக்கு நண்டு பிடித்தமான இரை. அப்போது அது உயரக் கிளையை விட்டுச் சேற்றுக்குப் பக்கத்துக் கிளையில் வந்து உட்காரும். அந்த நேரம் காலையில் அமையும் நாளாகத் தேர்ந்தெடுங்கள். கிள்ளைப் பக்கத்து மீனவர்களைக் கேட்டாலே சரியாகச் சொல்வார்கள்.

இன்னொன்று, வெளிச்சம். படகுத்துறை மேற்கே, கடல் கிழக்கே. காலையில் படகு கிளம்பிக் காட்டுக்குள் போகும்போது சூரியன் முகத்துக்கு நேரே இருக்கும். அந்த நேரத்தில் எல்லா மீன்கொத்தியும் கருந்தலையாகத்தான் தெரியும். தேங்காய்த்திட்டில் நான் செய்த தவறு இங்கே ரொம்ப எளிதாக நடக்கும். போகும்போது எந்தக் கழியில், எந்த வளைவில் பறவை இருந்தது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பெரும்பாலும் மீன்கொத்தி அதே இடத்துக்கு வந்து உட்காரும். அடையாளத்தை அப்போது முடிவு செய்யுங்கள்.

தில்லை மரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த மரம் இங்கே நிறைய இருக்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், பார்வைக்கே ஆபத்து. படகு புதரை உரசும்போது கிளையைப் பிடிக்காதீர்கள், இலையைக் கிள்ளாதீர்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போனால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பைனாகுலர் 8x42 அளவு, அதாவது எட்டு மடங்கு பெருக்கிக் காட்டுவது போதும். அதிகப் பெருக்கம் படகு ஆட்டத்தில் பயன்படாது. கேமரா வைத்திருப்பவர்கள் வெளிச்ச அளவைக் கொஞ்சம் குறைத்து எடுங்கள், இல்லாவிட்டால் வெள்ளைப் பகுதி வெளிறிப் பக்கத்து நிறத்தை மூடிவிடும், கழுத்துப்பட்டை எங்கே முடிகிறது என்று தெரியாது. படம் அழகாக வர வேண்டும் என்று முன்பக்கத்துக்காகக் காத்திருக்காமல், முதலில் கிடைத்த பின்பக்கப் படத்தை எடுத்துவிடுங்கள்.

குரல்

வெண்மார்பின் குரலைத் தினமும் கேட்கிறீர்கள், யாருடையது என்று தெரியாமல் இருந்திருக்கலாம். கம்பியை விட்டுப் பறக்கும்போது கெக்கெக்கெக் என்று உரக்கச் சிரிக்கும். இனப்பெருக்கக் காலத்தில் விடியற்காலையில் தென்னை உச்சியிலோ செல்போன் கோபுரத்திலோ இருந்துகொண்டு, கிலிலிலிலி என்று நடுங்கி இறங்கும் நீண்ட குரலை விடாமல் கொடுக்கும். கருந்தலையின் சத்தமும் அந்தச் சிரிப்பு வகைதான், சுருதி இன்னும் மேலே, கிகிகிகி என்று. குரலை மட்டும் வைத்துப் பிரிப்பதைப் புதியவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று காட்டிக்கொடுக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

கைபேசியில் பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். தன் இடத்தில் இன்னொன்று வந்துவிட்டது என்று நினைத்து இரை தேடுவதை விட்டுவிட்டுத் தவிக்கும். அதேபோல, கோடையில் ஆற்றங்கரை மண்சுவரிலோ பழைய மண்கிணற்றுச் சுவரிலோ முழங்கை நீளத்துக்கு வளை தோண்டி வெண்மார்பு குஞ்சு வளர்க்கும். வளையைப் பார்த்தால் எட்டி நின்று, பெற்றோர் உள்ளே போய்வரும் அளவுக்கு வழிவிட்டுப் பாருங்கள்.

எழுதி வைப்பது

பறவையைப் பார்த்ததும் புத்தகத்தைத் திறக்காதீர்கள். திறந்தால் கண் பார்த்ததை மனசு படத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றிவிடும். முதலில் குறிப்பேட்டில் ஐந்து விஷயம்: பின்கழுத்து, வயிறு, தோள், உட்கார்ந்த இடம், சூரியன் எந்தப் பக்கம். தெரியாததற்கு நேரே "தெரியவில்லை" என்று எழுதுங்கள். பெயரைக் கடைசியில் எழுதுங்கள். பின்கழுத்து, வயிறு இரண்டுமே தெரியவில்லை என்றால் "ஹால்சியான் வகை" என்று விட்டுவிடலாம், குறை ஒன்றும் இல்லை. பறவைப் பட்டியல்களைப் பதிவேற்றும் இ-பேர்ட் செயலியில் இனம் உறுதியாகாத பறவையையும் அப்படியே பதிவு செய்ய வழி இருக்கிறது.

பொங்கலை ஒட்டி நான்கு நாள் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு, இந்த இரண்டு பறவைகளையும் தேட மிகச் சரியான நேரம். கால் மணி நேரம் ஓரிடத்தில் நின்று பார்த்து எண்ணினாலே ஒரு பட்டியல் ஆகிவிடும். வீட்டு மொட்டை மாடியிலிருந்து ஒன்று, பாகூர் ஏரிக்கரையிலிருந்து ஒன்று, பிச்சாவரத்திலிருந்து ஒன்று கொடுத்தால் அருமை. வெண்மார்பு மீன்கொத்தி சாதாரணம்தானே என்று எண்ணாமல் விடாதீர்கள், எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். கருந்தலையைத் தேடிப் போய்க் காணாமல் திரும்பிய நாளின் பட்டியலையும் கட்டாயம் ஏற்றுங்கள். எந்த ஓடையில் அது இருக்கிறது, எதில் இல்லாமல் போகிறது என்று பின்னால் பார்ப்பவர்களுக்கு அந்த நாளும் தேவைப்படும்.